1975 அக்டோபர் பேப்பர் யாரிடமாவது இருக்கா?

வணக்கம் உறவுகளே, இலங்கையில் ஹட்டன் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் இருந்து எழுதுறேன். எங்க தாத்தாவுக்கு 80 தாண்டிருச்சு. முகமது அலி – ஜோ பிரேசர் குத்துச்சண்டைன்னா இன்னமும் உயிர். எல்லாரும் அலி பக்கம், தாத்தா மட்டும் பிரேசர் கட்சி.

1971ல் 15ஆவது ரவுண்டில் பிரேசரோட இடது கை குத்தில் அலி விழுந்ததை நேற்று நடந்த மாதிரி சொல்வார். 1974ல் அலி புள்ளியில் ஜெயித்தார். 1975 அக்டோபர் 1, மணிலாவில் மூன்றாவது சண்டை. 14 ரவுண்டு முடிந்ததும், கண் வீங்கிப் பார்வை மறைத்த பிரேசரை அவரோட பயிற்சியாளர் எடி ஃபுட்ச் மேலே ஆட விடவில்லை. "அவன் தோக்கல, நிறுத்திட்டாங்க" என்பார் தாத்தா.

அந்தச் செய்தி வந்த பேப்பரை டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தார். போன மழையில் லயத்துக் கூரை ஒழுகி எல்லாம் கூழாகிவிட்டது. ரெண்டு நாள் அவர் சரியாச் சாப்பிடவில்லை.

வீரகேசரி, தினகரன், எதுவானாலும் சரி. அக்டோபர் முதல் வாரப் பிரதி வைத்திருப்பவர்கள் போட்டோ எடுத்து அனுப்புங்க. கொழும்பில் சுவடிகள் திணைக்களம் போகக்கூடியவர்கள் இருந்தாலும் சொல்லுங்க, செலவை நான் தருகிறேன். பெரிய எழுத்தில் பிரிண்ட் எடுத்து அவர் கையில் கொடுக்கணும்.