மறு: ரம்ப மேசையில் இரண்டு 'கைடு'

அனைவருக்கும் வணக்கம்.

ரம்ப மேசையின் இரண்டு 'கைடு'க்கும் தனித்தனித் தமிழ்ப் பெயர் கேட்டிருந்தேன். வேலி, வரப்பு, அணைசட்டம் என்று மூன்று நாளாக மடல் குவிகிறது. திங்கட்கிழமை எச்சரிக்கைப் பலகை எழுதியாக வேண்டும். அதனால் சிக்கலை மறுபடி சொல்லிவிடுகிறேன்.

கோத்தகிரிப் பட்டறையில் பையன்கள் பழகுவது சில்வர் ஓக்கில், தேயிலைக்கு நிழல் தந்து ஓய்ந்த மரம். நீளவாக்கில் அறுக்கும்போது பலகை உரசிப் போகிற நீளச் சட்டம் 'கைடு'. குறுக்கே அறுக்கும்போது மேசைப் பள்ளத்தில் பலகையோடு நகர்கிற, கோணம் வைக்கிற சாதனமும் 'கைடு'தான். குறுக்கு அறுப்பில் இரண்டையும் சேர்த்து வைத்தால் அறுந்த துண்டு சட்டத்துக்கும் ரம்பத்துக்கும் நடுவில் சிக்கி ஆள் மேல் பாயும். இதை எப்படி எழுதுவது? 'கைடையும் கைடையும் சேர்க்காதே' என்றா?

நீளச் சட்டத்துக்குக் குன்னூர் ஐயா சொன்ன 'வேலி' அழகுதான். ஆனால் சட்டத்தின் பின்முனை அரை நூல் ரம்பத்தின் பக்கம் சாய்ந்தாலே பலகை இறுகி உதைக்கும். வேலியே பயிரை மேய்ந்த கதை! தஞ்சாவூர்க்காரருக்கோ வேலி என்றால் நில அளவு, இருபது மா. 'அணைத்துப் பிடிச்சுத் தள்ளுடா' என்று தினமும் கத்துகிறோம். என் ஓட்டு அணைசட்டத்துக்கு. பள்ளத்தில் ஓடுகிற மற்றதற்கு ஓடுமட்டம். செங்கோணம் பார்க்கிற மூலைமட்டம் தெரிந்த பிள்ளைகள் பிடித்துக்கொள்வார்கள்.

> கூடலூரிலிருந்து:
> முதலில் 'ரம்ப'த்தைத் திருத்துங்கள். ரகரம் தமிழில் மொழிமுதல் வராது. ஈர்வாள் இருக்கிறதே! 'உயிர்ஈரும் வாளது' என்கிறது குறள் 334. நாள் என்பதே ஆயுளை அறுக்கும் ஈர்வாள்தான்.

ஐயா, குறள் அருமை. ஆனால் வாள் என்றதும் பையன்கள் இடுப்பில் கை வைக்கிறார்கள். ரம்பம் ரம்பமாகவே இருக்கட்டும்.

> குன்னூரிலிருந்து:
> ஓடுமட்டம் என்றால் கூரை ஓட்டுக்கு மட்டம் பார்ப்பது என்று நினைக்க மாட்டார்களா? வினைத்தொகை என்று பட்டறையில் யார் விளக்குவது? சட்டத்துக்கு நான் வேலி என்றேதான் சொல்வேன்.

அது ஓடினால்தானே ஐயா பெயர்க் குழப்பம் வரும்! இந்த மூடுபனியில் பள்ளம் துருவேறிக் கிடக்கிறது. உப்புத்தாள் போட்டு, மெழுகு தேய்த்தால்தான் நகர்கிறது.

திங்கள் மாலை, பின்குறிப்பு: பலகை மாட்டியாயிற்று. 'குறுக்கு அறுப்பா? அணைசட்டத்தை எடு. ஓடுமட்டம் மட்டும்.' மதியம் பார்த்தால் கீழே யாரோ சாக்பீஸில் 'அதாவது சின்ன கைடு' என்று எழுதியிருக்கிறார்கள். அழிக்கவில்லை.