ஹம்பிக்கு ஒரே ஒரு கிராஷ் பேட்: எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி:
டிசம்பரில் இரண்டு பேர் கயிறில்லாமல் பாறை ஏற (போல்டரிங்) ஹம்பி போகிறோம். ஹொசபேட்டே வரை ரயில், பாறைக்கு நடை. விழுந்தால் அடிபடாமல் இருக்கக் கீழே விரிக்கும் கிராஷ் பேட் ஒன்றுதான் வாங்க முடியும். எல்லாமே 10 செ.மீ. கனம் என்கிறார்கள், விலையோ ஒன்றுக்கொன்று இரண்டு மடங்கு. லோக்கல் ஃபோம் கடையில் மெத்தை ஃபோம் வாங்கித் தைத்துக்கொண்டால் ஆகாதா?

பதில் 1:
கனத்தை விடுங்க, அடுக்கைப் பாருங்க. மேலே 2–3 செ.மீ. கெட்டியான க்ளோஸ்டு செல் ஃபோம் (காற்றறைகள் மூடியிருக்கும்), கீழே 7–8 செ.மீ. மெத்தென்ற ஓபன் செல் ஃபோம் (காற்று உள்ளே வெளியே போகும்). கெட்டி அடுக்கு குதிகால் அடியை அகலமாகப் பரப்பும், மெத்து அடுக்கு அமுங்கி வேகத்தை வாங்கும். மெத்தை ஃபோம் மட்டும் போட்டால் குதிகால் அதைத் துளைத்துக்கொண்டு தரையில் இடிக்கும். நல்ல பேடையே தலைகீழாக விரித்தாலும் ஏறக்குறைய இதே கதிதான்.

கடையில் வெறுந்தரையில் விரித்து, ஒற்றைக் குதிகாலில் நின்று பாருங்க. சும்மா நிற்கும்போதே தரை தட்டினால் வேண்டாம். புதுசு கொஞ்சம் விறைப்பாக இருப்பது நல்லதுதான், போகப் போக இளகும்.

தைத்தே ஆகணும்னா கீழே 40 டென்சிட்டி பி.யூ. ஃபோம் (ஓபன் செல் வகை), மேலே ஈ.வி.ஏ. ஷீட் (கெட்டியான க்ளோஸ்டு செல் வகை), உறைக்கு 1000 டெனியர் தடித்த நைலான் துணி. ரெக்ஸின் வேண்டவே வேண்டாம். விழும்போது காற்று வெளியேற வழியில்லாமல் தையல் பிரிந்துவிடும்.

பதில் 2:
ஹம்பியில் இறங்கும் இடம் பல சமயம் சமதரை இல்லை. கிரானைட் குண்டுகளும் நடுவில் இடுக்குகளும்தான். இரண்டு பலகையாக மடியும் பேட் இடுக்கின் மேல் விரித்தால் மடிப்பில் V மாதிரி தொங்கும், கணுக்கால் பிசகுவது அங்கேதான். ஒரே ஃபோமாக வளைத்துக் கட்டும் டாக்கோ வகையில் அந்தப் பிளவு இல்லை. தூக்க உப்பலாக இருக்கும், ஆனாலும் ஹம்பிக்கு அதைத்தான் சொல்வேன். இடுக்கில் முதலில் பையைத் திணித்து மட்டப்படுத்திவிட்டு மேலே பேடைப் போடுங்க.

அளவு 100×130 செ.மீ.க்குக் குறையக் கூடாது, எடை 5–7 கிலோ. இடுப்புப் பட்டையும் உலோகக் கொக்கியும் இருக்கட்டும். பிளாஸ்டிக் கொக்கி பாறையில் மோதினால் உடையலாம்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. உயரமான பாறைக்கு ஒன்று போதுமா?

பதில் 2:
போதாது. ஹம்பிக்குப் பக்கத்து ஊரான சணாபூரில் தங்கும் இடத்தில் இன்னொன்று வாடகைக்குக் கேளுங்க. எடுக்கும் முன் நடுவில் அமுக்கிப் பாருங்க, ஓரத்தைவிடக் குழைந்திருந்தால் செத்த ஃபோம். இரண்டையும் ஒட்டி வைத்து, சேரும் கோட்டின் மேல் 2 செ.மீ. மெல்லிய பேட் ஒன்றைப் போர்த்துங்க. ஒன்றின் ஓரத்தை மற்றதன் மேல் ஏற்றினால் அந்தப் படியிலேயே கால் மடங்கும். ஸ்பாட்டர் (கீழே நின்று பார்த்துக்கொள்பவர்) விழுபவரின் இடுப்பைத் திருப்பி பேடுக்குள் தள்ளினால் போதும், தாங்கிப் பிடிக்க வேண்டாம்.

பதில் 3:
ஒன்று சேர்க்கிறேன். வீட்டில் மடித்துக் கட்டி வைக்காதீங்க, மடிப்பில் ஃபோம் நிரந்தரமாக அமுங்கிவிடும். பட்டையை அவிழ்த்து விரித்தே வையுங்க. நனைந்தால் ஜிப்பைத் திறந்து ஃபோமை வெளியே எடுத்து நிழலில் உலர்த்தணும்.