புதுப்பிப்பு: அப்பச்சி கன்னத்துப் புண்ணை எடுத்தாச்சு

அப்பச்சி கன்னத்தில் மாதக்கணக்காக ஆறாத புண், பயாப்சியில் (சிறு துண்டு எடுத்துச் செய்யும் சோதனை) பேசல் செல் கார்சினோமா, அதாவது ஒரு வகைத் தோல் புற்றுநோய் என்று வந்தது, ஆபரேஷன் எப்படி இருக்கும் என்று போன மாசம் இங்கே கேட்டிருந்தேன். காரைக்குடியிலிருந்து மதுரைக்குப் போய் எடுத்துக்கொண்டு வந்துவிட்டோம்.

மயக்கம் கொடுக்கவில்லை. அந்த இடத்தில் மட்டும் மரத்துப்போக ஊசி. அந்த ஊசிதான் சுருக்கென்று எரிந்ததாம். பிறகு இழுக்கிற உணர்வு மட்டும்தானாம். அன்று சாயங்காலமே வீடு.

கட்டுப் பிரித்ததும் ஆத்தா பதறிவிட்டார்கள். மிளகளவு புண்ணுக்கு ஒன்றரை அங்குலத் தையல்! டாக்டர் படம் வரைந்து காட்டினார்: சுற்றிலும் 4 மி.மீ. நல்ல தோலையும் சேர்த்து எடுப்பார்கள். வட்டமாக வெட்டித் தைத்தால் இரு முனையும் புடைத்துக்கொள்ளும். அதனால் படகு வடிவில், அகலத்தைப்போல் மூன்று மடங்கு நீளம். இதை முன்பே தெரிந்துகொண்டு போங்கள், பயம் பாதியாகும்.

ரத்தம் உறையாமலிருக்கப் போடும் மாத்திரையை ஆபரேஷனுக்கென்று நீங்களாக நிறுத்தவே நிறுத்தாதீர்கள், டாக்டரிடம் கேளுங்கள்.

மறுநாள் கண்ணுக்குக் கீழே வீங்கி நீலம் பாரித்தது, தானே வடிந்தது. ஏழாம் நாள் தையல் பிரித்தார்கள். நேற்று ரிப்போர்ட்: வெட்டியெடுத்த தோலின் ஓரங்களில் புற்றுச் செல் இல்லை! ஆறு மாதத்தில் மறுபடி காட்ட வேண்டும்.

இப்போது அப்பச்சி வளவில் (வீட்டு உள்முற்றத்தில்) உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார்கள். வெயிலில் இறங்கினால் தொப்பி, ஆத்தாவின் உத்தரவு.