ஆட்டுச் சினைப்பையில் டிடிஎக்ஸ்4 பாசிடிவ் வந்தால் அது ஸ்டெம் செல்தானா?

மாதவரம்_மாணவன்:
புளியந்தோப்பு ஆட்டுத்தொட்டியில் வாங்கும் சினைப்பைதான் சாம்பிள். புறணியை மட்டும் சீவி, கொலாஜினேஸ் நொதியில் கரைத்து, 40 மைக்ரான் வலையில் வடித்து, டிடிஎக்ஸ்4 (முட்டை, விந்து வழிச் செல்களின் அடையாளப் புரதம்) சி-முனையை, அதாவது வால் பக்கத்தைப் பிடிக்கும் ஆன்டிபாடி போட்டு, ஃப்ளோ சைட்டோமெட்ரியில் (ஒளிரும் சாயம் ஏறிய செல்களைப் பிரிக்கும் கருவி) பிரிக்கிறோம். 2012இல் அமெரிக்காவின் ஜோனாதன் டில்லி குழு மனிதச் சினைப்பையில் கையாண்ட வழிதான். பாசிடிவ் கூட்டம் தனியாகத் தெரிகிறது. தீசிஸில் முட்டை உண்டாக்கும் ஸ்டெம் செல் என்று போடலாமா?

ராயபுரம்_ஃப்ளோ:
இப்போதைக்கு வேண்டாம் தம்பி. டிடிஎக்ஸ்4 ஓர் ஆர்என்ஏ ஹெலிகேஸ் (ஆர்என்ஏ முறுக்கைப் பிரிக்கும் நொதி), வேலை செய்யும் இடம் சைட்டோபிளாசம். உயிரோடு இருக்கிற செல்லின் மேல்தோலில் அதன் வால் எப்படி நீட்டிக்கொண்டிருக்கும் என்பதில்தான் சண்டையே. சவ்வு கிழிந்த செல் எந்த ஆன்டிபாடியையும் உள்ளே விட்டுவிடும், கொலாஜினேஸ் கூடுதல் நேரம் இருந்தால் அப்படிக் கிழிந்தவை பெருகும். டாபி (செத்த செல்லில் ஏறும் சாயம்) போட்டுச் செத்ததைக் கழியுங்கள், ஒட்டிக்கொண்ட இரட்டைச் செல்லையும் கழியுங்கள். சாயமே போடாத குழாய் ஒன்று, செகண்டரி (முதல் ஆன்டிபாடியைப் பிடிக்கும் சாயம் ஏற்றிய ஆன்டிபாடி) மட்டும் போட்டது ஒன்று, ஐசோடைப் (அதே வகை, ஆனால் இலக்கு இல்லாத ஆன்டிபாடி) ஒன்று: இந்த மூன்றும் இல்லாத கேட்டிங்கை, அதாவது பாசிடிவ் எல்லைக்கோட்டை, எந்த எக்ஸாமினரும் ஏற்கமாட்டார்.

உங்கள் சாம்பிள் ஆடு என்பதால் இன்னொன்று. ஆட்டில் தயாரித்த முயல்-எதிர்ப்பு செகண்டரி என்றால் கவலை குறைவு. கழுதையில் தயாரித்ததென்றால், ஆட்டு ஐஜிஜியை (ரத்தத்தில் உள்ள ஆன்டிபாடி) பிடிக்கும் பகுதியை வடித்து நீக்கியதா என்று டேட்டா ஷீட்டைப் பாருங்கள், இல்லாவிட்டால் திசுவில் தங்கிய ரத்த ஐஜிஜியையும் அது பிடிக்கும்.

பெரம்பூர்_பிசிஆர்:
வலையும் ஓட்டைதான். ப்ரைமார்டியல் ஃபாலிகிளின் (முட்டையைச் சுற்றிய உறை, இன்னும் வளரத் தொடங்காத நிலை) முட்டை 40 மைக்ரானுக்கும் சிறியது, தாராளமாக நழுவும். ஒன்றிரண்டு விழுந்தாலே பிசிஆரில் டிடிஎக்ஸ்4 பளிச்சென்று வரும். கூடவே முட்டையின் அடையாள மரபணுக்களான ஜிடிஎஃப்9, இசட்பி3 பாருங்கள். அவையும் வந்தால் பிடித்தது முட்டை. டிடிஎக்ஸ்4 ஆர்என்ஏவே இல்லையென்றால் ஆன்டிபாடி வேறெதையோ பிடிக்கிறது. 2020இல் கரோலின்ஸ்கா குழு மனிதப் புறணியைச் செல் செல்லாக ஆர்என்ஏ படித்தபோது, இந்த ஆன்டிபாடி பிடித்தவை ரத்தக்குழாயை ஒட்டிய செல்களாகவே இருந்தன. ஆகவே அந்த ரத்தக்குழாய்ச் செல்களைக் காட்டும் எம்கேம், ஆர்ஜிஎஸ்5 பிரைமர்களையும் சேர்த்து வாங்குங்கள்.

மாதவரம்_மாணவன்:
ஆனால் 2009இல் ஷாங்காய் குழு மலடாக்கிய எலிக்கு, பச்சை ஒளிரும்படி மாற்றிய இந்தச் செல்லைச் செலுத்தி, பச்சை ஒளிரும் குட்டியே பிறந்ததே சார்?

ராயபுரம்_ஃப்ளோ:
ஆதரவுப் பக்கத்தின் பலமான சீட்டு அதுதான், மறுக்கவில்லை. ஆனால் டிஷ்ஷில் வாரக்கணக்கில் வளர்த்த செல் ஒன்றைச் செய்வது வேறு, உடம்புக்குள் அது தானாகச் செய்வது வேறு. இரண்டாவதைக் காட்ட மரபுத்தடம் பதித்த எலி (ஒரு செல்லின் வாரிசுகள் எல்லாம் நிறத்தால் தெரியும்படி மரபணு மாற்றியது) வேண்டும். 2012இல் ஸ்வீடனிலிருந்து லியு குழுவும், 2013இல் லெய்யும் ஸ்ப்ராட்லிங்கும் அப்படித் தேடினார்கள். வளர்ந்த எலியில் புது முட்டை உருவாகும் தடயம் கிடைக்கவில்லை. பிறந்த பிறகும் புது முட்டை உருவாகும் என்ற வாதத்தை 2004இல் டில்லி குழு கிளப்பியதும் பிரித்தெடுத்த செல்லை வைத்து அல்ல, முக்கியமாக ஒரு கணக்கை வைத்து: ஃபாலிகிள் சாகிற வேகத்துக்கு இருப்பு குறையவில்லையே என்று. செத்த ஃபாலிகிள் எத்தனை நாளில் மறையும் என்ற அனுமானத்தை மாற்றினால் அந்தக் கணக்கும் மாறும்.

ஆட்டில் தடம் பதிக்க உங்களுக்கு வழியில்லை. தலைப்பில் ‘டிடிஎக்ஸ்4 ஆன்டிபாடி பிடிக்கும் புறணிச் செல்கள்’ என்று மட்டும் போடுங்கள்.