புதுப்பிப்பு: ஏவி1-க்குள் டாலாவும் தோரும் எங்கே போயின?

போன இழையில், கூகுள், மொசில்லா, சிஸ்கோ, நெட்ஃப்ளிக்ஸ் உள்ளிட்டோர் 2015-இல் திறந்த ஊடகக் கூட்டணியைத் தொடங்கிய கதையை எழுதியிருந்தேன். அந்தக் கூட்டணி உருவாக்கிய வீடியோ கோடெக்தான் (வீடியோவைச் சுருக்கி விரிக்கும் முறை) ஏவி1. அதுவரை கூகுள் விபி10, மொசில்லாவும் ஸிஃப் என்ற திறந்த மென்பொருள் அமைப்பும் டாலா, சிஸ்கோ தோர் என்று தனித்தனியே வீடியோ கோடெக் செய்துகொண்டிருந்தார்கள். "கடைசியில் கூகுளுடையதுக்குப் பெயர் மாற்றியதுதானே ஏவி1?" என்று சிலர் கேட்டிருந்தீர்கள்.

அடித்தளம் விபி10 என்பது உண்மை. அதோடு நிறுத்தினால் மற்றவர்கள் உழைப்பு மறைந்துபோகும். ஒன்றை மட்டும் பாருங்கள். வீடியோவைச் சுருக்கும்போது திரையில் ஓடும் எழுத்துகளின் ஓரங்களில் அலையலையாகப் பிசிறு தெரியும். அதைச் சரிசெய்ய, டாலாவின் வடிகட்டி 8×8 புள்ளிக் கட்டத்துக்குள் விளிம்பு எந்தத் திசையில் போகிறது என்று கண்டுபிடித்து அந்தத் திசையிலேயே மென்மையாக்கும். தோரின் வடிகட்டியோ, பக்கத்துப் புள்ளி ரொம்பவே மாறுபட்டால் அதன் தாக்கத்தைக் கட்டுப்படுத்தும். இரண்டையும் இணைத்ததுதான் ஏவி1-இல் உள்ள சிடிஇஎஃப் என்ற வடிகட்டி. எது ஜெயிக்கிறது என்று பார்க்காமல் இரண்டின் பலத்தையும் எடுத்துக்கொண்டார்களே, இந்த இடம் எனக்கு அவ்வளவு பிடிக்கும்! டாலாவின் என்ட்ரோபி குறியாக்கமும் (தரவை இழப்பில்லாமல் குறைந்த பிட்களில் எழுதும் படி) உள்ளே வந்தது.

ஆடியோ பற்றிக் கேட்டவருக்கு: ஓபஸ் என்ற ஆடியோ கோடெக்கும் இப்படித்தான். ஸ்கைப்பின் சில்க், ஸிஃபின் செல்ட் என்ற இரண்டு கோடெக்குகளும் சேர்ந்து, 2012-இல் இணையத் தரநிலைகளை வகுக்கும் ஐஇடிஎஃப் அமைப்பின் தரநிலையானது. இரண்டையும் சேர்த்து ஓட்டும் கலப்பு முறையில், 8 கிலோஹெர்ட்ஸ் வரையிலான ஒலிக்கு சில்க், அதற்கு மேல் செல்ட்.

வீடியோலேன், எஃப்எஃப்எம்பெக் என்ற திறந்த மென்பொருள் திட்டங்களின் ஆட்கள் கூட்டணியின் நிதியில் எழுதிய, ஏவி1 வீடியோவை விரித்துக் காட்டும் டேவிட் டிகோடரைப் பற்றி அடுத்து எழுதுகிறேன்.