புதுப்பிப்பு: முட்டை வெள்ளையாகும் ஏஞ்சல் மீன் ஜோடி, இரண்டுமே பெண்

என் தொட்டியில் ஜோடி சேர்ந்த ஏஞ்சல் மீன்கள் இரண்டு முறை முட்டையிட்டும், இரண்டாம் நாளே எல்லாம் பொரிக்காமல் வெள்ளையாகிவிடுகின்றனவே என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன அனைவருக்கும் நன்றி. காரணம் தெரிந்துவிட்டது.

ஆணா பெண்ணா என்று அறிய நெற்றி மேட்டைப் பார்க்கச் சொன்னார்கள் சிலர். பெரிய மீனுக்கு நெற்றி புடைத்திருந்ததால் அதை ஆண் என்று நம்பி ஏமாந்தேன். துடுப்பின் நீளமும் உதவவில்லை. கைகொடுத்தது, முட்டையிடும் நேரத்தில் வயிற்றடியில் நீளும் சிறு குழாயைக் கவனிக்கச் சொன்ன யோசனைதான். ஆணுக்கு அது மெலிந்து கூர்மையாக இருக்கும். பெண்ணுக்குத் தடித்து முனை மழுங்கியிருக்கும். மற்ற நாட்களில் கண்ணுக்கே தெரியாது.

மூன்றாம் முறை கண்ணாடியோடு முகத்தை ஒட்டிக்கொண்டு காத்திருந்தேன். சின்னது இலையை வாயால் துடைத்துவிட்டு வரிசையாக முட்டைகளை ஒட்டியது. பின்னாலேயே பெரியது வந்தது. ஆணைப் போல வெறுமனே உரசிச் செல்லும் என்று பார்த்தால், அதுவும் முட்டையிட்டது! இரண்டுக்கும் மழுங்கிய குழாய். ஆண் இல்லாமல் கருவுறாததால்தான் முட்டைகள் வெள்ளையாகியிருக்கின்றன. ஆண் கிடைக்காதபோது பெண்கள் இப்படி ஜோடி சேர்வதுண்டு. இலை கொள்ளாமல் முட்டை கிடந்தபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

பெரியதை வேறு தொட்டிக்கு மாற்றினேன். நண்பர் வீட்டில் ஏற்கெனவே குஞ்சு பார்த்த ஆண் ஒன்றை வாங்கிச் சின்னதோடு விட்டேன். முதல் வாரம் ஒரே துரத்தல். நடுவில் தடுப்பு வைக்க வேண்டியதாயிற்று. அடுத்து இட்ட முட்டைகளில், 28 டிகிரி வெப்பத்தில், மூன்றாம் நாள் குஞ்சுகளின் வால்கள் துடித்தன. ஓரத்தில் ஏழெட்டு மட்டும் வெள்ளை.