அப்பா மாத்திரை விஷயம்

குழு: தங்கச்சிமடம் குடும்பம்

ஜெனி: அப்பாவுக்கு மாத்திரை வாங்கிவிட்டு வருகிறேன். இதயத்துக்கான இரண்டு மாத்திரைக்கு மட்டும் ஒரு மாதத்துக்கு 4,500 ரூபாய். மற்றவை தனி. மீன்பிடித் தடைக்காலம் முடிய ஜூன் 14 ஆகும், தம்பி கடலுக்குப் போகவில்லை. நிவாரணம் வந்த 8,000 அரிசிக்கும் கடனுக்கும் போய்விட்டது. ஆளுக்குக் கொஞ்சம் போட்டால் இந்த மாதம் சமாளித்துவிடலாம்.

பாம்பன் சித்தப்பா: ஆயிரம் அனுப்பியிருக்கிறேன் மகளே, பார்.

ரீத்தா சித்தி: முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதே? வருடத்துக்கு 5 லட்சம் வரைக்கும் தருவார்களே?

நர்ஸ் மதினி: சின்ன அத்தை, அது ஆஸ்பத்திரியில் சேர்ந்து பார்க்கிற வைத்தியத்துக்கு. மாமாவுக்கு ஸ்டென்ட் வைத்தது அதில்தான். மாதாமாதம் கடையில் வாங்குகிற மாத்திரை அதில் வராது. ஜெனி, டாக்டர் சீட்டையும் மாத்திரை அட்டையையும் படம் எடுத்துப் போடு. பணம் போடுகிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள். முதலில் விலையைக் குறைப்போம், அப்புறம் மீதிக்குப் போடலாம்.

ஜெனி: (படம்) (படம்)

தம்பி சூசை, துபாய்: ஆன்லைனில் 20 சதவீதம் தள்ளுபடி தருகிறார்கள் அக்கா. நானே ஆர்டர் போடவா?

நர்ஸ் மதினி: 60 ரூபாய் மாத்திரையில் 20 சதவீதம் போனாலும் 48 ரூபாய் சூசை. பெரிதாக ஒன்றும் மிஞ்சாது. அட்டையில் கொட்டை எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். அதன் பக்கத்தில் பொடி எழுத்தில் இருப்பதுதான் மருந்து. முதல் அட்டை எம்பாகிளிஃப்ளோசின் 10 மி.கி. இதன் காப்புரிமை 2025 மார்ச்சில் முடிந்துவிட்டது. அதுவரை ஒரு கம்பெனியிடம்தான் உரிமை இருந்தது, மாத்திரை 60 ரூபாய்க்குக் கிட்ட. இப்போது நிறையப் பேர் தயாரிக்கிறார்கள், 10 ரூபாய்க்குக் கீழேகூடக் கிடைக்கிறது. இரண்டாவது, சாகுபிட்ரிலும் வால்சார்டானும் சேர்ந்தது. அதையும் 2023-இலிருந்து பல கம்பெனிகள் விற்கின்றன.

மண்டபம் பெரியப்பா: விலை குறைந்தால் சரக்கும் அப்படித்தான் இருக்கும். இதய விஷயத்தில் டூப்ளிகேட் வேண்டாம்.

நர்ஸ் மதினி: பெரிய மாமா, காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் வாங்கும்போது எந்தக் கம்பெனி என்று கேட்டா வாங்குகிறீர்கள்? அதே கதைதான். மருந்து ஒன்று, போடுகிறவர் வேறு. மத்திய அரசின் மலிவு விலைக் கடையான மக்கள் மருந்தகத்துக்கு (ஜன் ஔஷதி) வருகிற சரக்கை ஒவ்வொரு பேட்ச்சாக ஆய்வகத்தில் சோதித்துத்தான் கடைக்கு அனுப்புகிறார்கள். பில் இல்லாமல் விற்கிற கடையைக் கண்டால்தான் பயப்பட வேண்டும்.

மண்டபம் பெரியப்பா: சரி சரி. படித்தவள் சொன்னால் கேட்டுக்கொள்கிறேன்.

அம்மா: இன்னொரு விஷயம். இவர் ராத்திரி மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போடுகிறார். கேட்டால் தடை முடியும்வரை வர வேண்டாமா என்கிறார்.

அப்பா: எனக்கு ஒன்றும் செய்யவில்லை. எதற்கு ஊரைக் கூட்டுகிறீர்கள்? யாரும் பணம் அனுப்ப வேண்டாம்.

நர்ஸ் மதினி: மாமா, இதயத்தின் பம்பிங் 35 சதவீதம்தான் இருக்கிறது என்று எக்கோ ஸ்கேனில் வந்ததே. அந்தச் சாகுபிட்ரில் மாத்திரை காலை ஒன்று, இரவு ஒன்று முழுதாகப் போட வேண்டும். பாதி போட்டால் இன்றைக்கு ஒன்றும் தெரியாது. பத்து நாள் கழித்துக் கால் வீங்கும், படுத்தால் மூச்சு வாங்கும். அப்போது ஆஸ்பத்திரியில் சேர்த்தால் ஆகிற செலவு இந்த மாத்திரையைவிடப் பல மடங்கு. உப்புக் கருவாடும் இன்னும் ஓடுகிறதா?

அப்பா: கொஞ்சமாக.

அம்மா: கொஞ்சமா! சட்டியைப் படம் எடுத்துப் போடவா?

ரீத்தா சித்தி: மக்களைத் தேடி மருத்துவத்தில் எனக்கு வீட்டுக்கே வந்து பிரஷர் மாத்திரை தருகிறார்கள். எனலாப்ரில். நிறைய மிச்சம் இருக்கிறது. அத்தானுக்குக் கொடுத்துவிடட்டுமா?

நர்ஸ் மதினி: ஐயோ, வேண்டவே வேண்டாம் சின்ன அத்தை! சாகுபிட்ரில் போடுகிறவர் எனலாப்ரில், ராமிப்ரில் எதையும் தொடக் கூடாது. முகமும் நாக்கும் தொண்டையும் வீங்கி மூச்சு அடைத்துவிடலாம். டாக்டரே ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற்றினாலும் 36 மணி நேரம் இடைவெளி விடுவார். அப்புறம், உங்களுக்கு எப்படி நிறைய மிச்சம் இருக்கிறது? நீங்கள் ஒழுங்காகப் போடுகிறீர்களா?

ரீத்தா சித்தி: 🙈

ஜெனி: மதினி, அப்படியானால் நான் கடையில் போய் வேறு கம்பெனி மாத்திரை கேட்கலாமா?

நர்ஸ் மதினி: கடைக்காரராக மாற்றித் தரக் கூடாது. டாக்டரிடம் போய், இந்த விலை எங்களுக்குத் தாங்கவில்லை, மருந்தின் பெயரையே எழுதித் தாருங்கள் என்று வாய்விட்டுச் சொல். கூச்சப்படாதே. சொல்லாவிட்டால் அவருக்கு எப்படித் தெரியும்? கையில் ‘ஃபார்மா சஹி தாம்’ ஆப் வைத்துக்கொள், அரசாங்கத்தினுடையது. மருந்தின் பெயரைப் போட்டால் எந்தக் கம்பெனி என்ன விலை என்று வரும். மக்கள் மருந்தகத்துக்கு ‘ஜன் ஔஷதி சுகம்’ ஆப், பக்கத்துக் கடையையும் அதில் தேடலாம். தமிழக அரசின் முதல்வர் மருந்தகத்திலும் கேள். மி.கி. அளவு சீட்டில் இருக்கிறபடியே இருக்க வேண்டும்.

ஆஸ்பிரின், கொழுப்பு மாத்திரை, மெட்டோப்ரோலால் மூன்றையும் காசு கொடுத்து வாங்கவே வேண்டாம். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தொற்றா நோய்ப் பிரிவில் பதிந்தால் இலவசம்.

பாம்பன் சித்தப்பா: நாளை நானும் ராமநாதபுரம் போகிறேன். ஜெனியைக் கூட்டிப் போகிறேன். எனக்கும் படகு வேலை இல்லையே.

மறுநாள்

ஜெனி: (படம்) டாக்டர் ஒன்றும் சொல்லவில்லை, உடனே எழுதித் தந்தார். 30 எம்பாகிளிஃப்ளோசின் 285 ரூபாய், 60 சாகுபிட்ரில் மாத்திரை 1,140 ரூபாய். மொத்தம் 1,425. மற்ற மூன்றும் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு மாதத்துக்குக் கொடுத்தார்கள். பழைய அட்டையில் மீதி இருப்பதை முடித்துவிட்டுப் புதியதைத் தொடங்கச் சொன்னார்.

தம்பி சூசை, துபாய்: அடேயப்பா! மூவாயிரத்துக்கு மேல் மிச்சம்.

நர்ஸ் மதினி: நல்லது. அத்தை, பழைய அட்டையும் புது அட்டையும் ஒரே டப்பாவில் வேண்டாம், இரண்டையும் சேர்த்துப் போட்டுவிடுவார். வாந்தி பேதி வந்தாலோ, சாப்பிட முடியாமல் போனாலோ எம்பாகிளிஃப்ளோசினை அன்றைக்கு நிறுத்திவிட்டு எனக்குப் போன் செய்யுங்கள். அடுத்த முறை போகும்போது, சிறுநீரகத்தைப் பார்க்கிற கிரியேட்டினின், பொட்டாசியம் இரண்டுக்கும் ரத்தம் கொடுத்துவிட்டு வரட்டும்.

அப்பா: சகாயத்தின் ஆயிரத்தைத் திருப்பி அனுப்பு ஜெனி.

பாம்பன் சித்தப்பா: அண்ணே, அது வேண்டாம். அடுத்த மாதத்து மாத்திரைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அம்மா: நான் வாங்கி வைத்துக்கொள்கிறேன். இவரிடம் கொடுத்தால் கருவாடாகிவிடும்.